தூங்குகிற கோழியைத் தேற்றுவது: இரைப்பையையும் எச்சத்தையும் பார்த்து வைத்தியம்

கோழி தன் சீக்கை மறைக்கும். தளர்ந்தது தெரிந்தால் கூட்டத்தில் மற்றவை கொத்தும், மேலே சுற்றுகிற பருந்துக்கும் அதுதான் முதல் இரை. அதனால் முடிகிறவரை நிமிர்ந்தே நடக்கும். தீனி போட்டால் மற்றதோடு சேர்ந்து ஓடிவரும், கொத்துவது மாதிரித் தலையை ஆட்டும், ஆனால் ஒரு மணிகூட உள்ளே போயிருக்காது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடி ஓரமாக நிற்கிறது என்று நம் கண்ணில் படும்போது சீக்கு வந்து சில நாள் ஆகியிருக்கும். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் இதைத்தான் ‘கோழி தூங்குது’ என்போம். தூங்குது என்றதும் பாதி வீடுகளில் அடுத்த பேச்சு ‘அறுத்துரு’ என்பதுதான். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. வயிற்றுக் கோளாறில் தூங்குகிற கோழிகளில் பல, நேரத்தில் கவனித்தால் எழுந்துவிடும். சீக்குக் கோழியை அறுத்தால் கையிலும் அரிவாள்மனையிலும் அடுப்படியிலும் கிருமிதான் பரவும்.

தெருவில் யார் வீட்டுக் கோழி தூங்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ‘மதினி, என்ன மருந்து கொடுக்க?’ என்பதுதான் முதல் கேள்வி. நான் திருப்பி இரண்டு கேட்பேன். காலையில் தீனி போடும் முன்னால், கழுத்தடியில் இரை சேருகிற பையான இரைப்பை எப்படி இருந்தது? எச்சம் எப்படி இருக்கிறது? கோளாறு கழுத்தடியிலா, குடலிலா, அல்லது வயிற்றிலேயே இல்லாமல் முட்டைப் பாதையிலா என்று இந்த இரண்டும் காட்டிக்கொடுக்கும். அது தெரியாமல் கொடுக்கிற மருந்து சில நேரம் சீக்கைவிடக் கெடுதல்.

பிரித்து வைப்பது

சந்தேகம் வந்த உடனே அந்தக் கோழியைத் தனியாக ஒரு பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். ஒட்டுகிற நோயாக இருந்தால் மற்றவை தப்பும். அதோடு, கூட்டத்தில் விட்டால் எது தின்றது, எது குடித்தது, எந்த எச்சம் யாருடையது என்று தெரியவே தெரியாது. அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். வைக்கோல், உமி வேண்டாம்; தாளில்தான் எச்சத்தின் நிறமும் ஈரமும் அப்படியே தெரியும். காலையும் மாலையும் தாளை மாற்றினால் பஞ்சாரமும் சுத்தமாக இருக்கும். நல்ல கோழிகளுக்குத் தீனி தண்ணீர் வைத்து முடித்துவிட்டு, கடைசியாகச் சீக்குக் கோழியிடம் போங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழிக் குடலில் இருக்கிற சால்மோனெல்லா என்கிற கிருமி நம் வயிற்றையும் கெடுக்கும், குழந்தைகளுக்கு இன்னும் மோசம்.

தூக்கிப் பார்த்துவிட்டு ‘உடம்பு அனலாக் கொதிக்குது’ என்பார்கள். கோழியின் உடம்பு இயல்பிலேயே 41 டிகிரி செல்சியஸ் ஒட்டித்தான் இருக்கும். நம் கைக்கு எப்போதும் காய்ச்சல் மாதிரித்தான் தெரியும். அதை நம்பி வீட்டில் கிடக்கிற காய்ச்சல் மாத்திரையை நுணுக்கிக் கொடுக்காதீர்கள். தின்னாத கோழிக்கு உண்மையில் குளிர்தான் எடுக்கும். தன் உடம்புச் சூட்டைக் காக்கவே இருக்கிற தெம்பையெல்லாம் செலவழிக்கும். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் பஞ்சாரத்தின் ஒரு பக்கமாக 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். பாதி இடம் சூடாகவும் பாதி இடம் ஆறியும் இருக்க வேண்டும். கோழியே தனக்கு வேண்டிய பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். சித்திரை வைகாசியில் எங்கள் கரிசல் காட்டு வெயிலுக்குப் பல்பு எதற்கு? அப்போது நிழலும் காற்றோட்டமும்தான் வேண்டும்.

எடுத்த எடுப்பில் இன்னொன்றும் பாருங்கள். கோழி காலை அகட்டி, வாலைத் தாழ்த்தி, செங்குத்தாக நின்று முக்கிக்கொண்டே இருந்தால் அது வயிற்றுக் கோளாறாக இல்லாமல் முட்டை அடைப்பாக இருக்கலாம். ஆசனவாய்க்குக் கீழே வயிற்றை மெதுவாகத் தொட்டால் உருண்டையாகக் கட்டி தட்டுப்படும். அழுத்தக் கூடாது, உள்ளே முட்டை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. இளஞ்சூட்டு வெந்நீரில் அடிவயிறு நனைகிற மாதிரிக் கால் மணி நேரம் உட்காரவைத்து, இருட்டான இடத்தில் விடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

முடிந்தால் எடையும் போட்டு வையுங்கள். காய்கறி நிறுக்கிற சின்னத் தொங்குதராசில், துணிப்பையில் கோழியை வைத்து மாட்டினால் போதும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வைப்பது என் வழக்கம். கோழி தேறுகிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட இது உறுதியானது. தராசு இல்லையென்றால் நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை உருண்டு இருந்தால் சீக்கு புதுசு. எலும்பு கத்தி விளிம்பாக உறுத்தினால் பல நாளாகத் தின்னவில்லை, அல்லது தின்றது ஒட்டவில்லை.

இரைப்பை

கழுத்து முடிகிற இடத்தில், நெஞ்சுக்குச் சற்று வலப்பக்கமாக இரைப்பை இருக்கிறது. கோழி கொத்துவதெல்லாம் முதலில் அங்கேதான் சேரும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, இரைப்பையை அடுத்து அமிலம் சுரக்கிற சின்ன வயிற்றைத் தாண்டி, கல்லும் மணலுமாகச் சேர்ந்து அரைக்கிற அரைவைப்பைக்குப் போகும். பல் இல்லாத கோழிக்கு அந்தக் கல்தான் பல். சாயங்காலம் அடைய வரும்போது நல்ல கோழியின் இரைப்பை நிரம்பித் துருத்திக்கொண்டிருக்கும். விடியும்போது தட்டையாக, கைக்கே அகப்படாமல் இருக்க வேண்டும். எங்கள் மாமியார் பஞ்சாரத்தைத் திறக்கும்போது ஒவ்வொரு கோழியாகப் பிடித்து நெஞ்சைத் தடவித்தான் வெளியே விடுவார். ராத்திரி முழுக்க இறங்காத இரை அங்கே இருக்கிறதா என்று பார்க்கத்தான். அவரிடம் நான் கற்ற கோழி வைத்தியத்தில் இதைவிடப் பெரிசு வேறில்லை.

காலையில் இரைப்பை காலியாக இல்லை என்றால், இரண்டில் ஒன்று.

கெட்டியாக, பிசைந்த சப்பாத்தி மாவு மாதிரி அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் இரை கட்டியிருக்கிறது. நீளமான காய்ந்த புல், தேங்காய் நார், சாக்குப் பிரி, பிளாஸ்டிக் நூல், தலைமுடி இவையெல்லாம் உள்ளே போய்ப் பந்தாகச் சுருண்டு வழியை அடைக்கும். பசியோடு கிடந்த கோழி காய்ந்த தானியத்தை அவசரமாக விழுங்கி, தண்ணீர் குடிக்காமல் விட்டாலும் கட்டும். சிமெண்டுத் தரையிலேயே அடைத்து வளர்க்கிற வீடுகளில் கொத்தக் கல்லும் மணலும் கிடைக்காமல் கீழே அரைவையும் நடக்காது. மேலே தேங்கிவிடும்.

இதற்குத் தீனியை ஒரு நாள் நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ அரைத் தேக்கரண்டி எடுத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு விழுங்க விடுங்கள். பத்து நிமிஷம் கழித்துக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு கோழியை மடியில் வைத்து, அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கிற மாதிரிப் பிடித்து, விரல் நுனியால் இரைப்பையை வட்டமாகப் பிசைந்துவிடுங்கள். அமுக்கக் கூடாது, கட்டியை உடைக்கிற அளவுக்குத்தான். மேல்நோக்கித் தள்ளவே கூடாது. ஐந்து நிமிஷம் பிசைந்து விட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி. ஒரு பகலில் மூன்று நான்கு தடவை. புல்லும் தானியமும் கட்டியதாக இருந்தால் அநேகமாக மறுநாள் காலைக்குள் இளகி இறங்கத் தொடங்கும். இறங்கவில்லை என்றால் அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பிசைந்துகொண்டிருப்பதில் பயனில்லை.

எங்கள் செவலைக் கோழிக்கு அப்படித்தான் ஆனது. எண்ணெய் கொடுத்தும் பிசைந்தும் கட்டி அசையவில்லை. அலகைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். நாக்கின் அடியில் வெள்ளையாக ஒரு நூல் சுற்றி, தொண்டைக்குள் போயிருந்தது. தவிட்டு மூட்டை தைக்கிற நூல். இப்படி நூல் தெரிந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். மறுமுனை எங்கே சிக்கியிருக்கிறதோ தெரியாது, இழுத்தால் உள்ளே அறுத்துவிடும். கூடையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மா நாக்கடியில் சுற்றியதைக் கத்தரித்துவிட்டு, இரைப்பையில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, நூலும் அருகம்புல்லும் முறுக்கிக் கிடந்த பந்தை எடுத்துத் தையல் போட்டார். ஒரு கோழிக்குப் போய் ஆபரேஷனா என்று வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். மாட்டுக்குச் செய்தால் யாரும் கேட்கமாட்டார்கள். செவலை பிழைத்து, பிறகு அடைகாத்துக் குஞ்சும் பொரித்தது. மூட்டை பிரிக்கிற நூலை அன்றிலிருந்து நான் கீழே விடுவதில்லை.

இரைப்பை கெட்டியாக இல்லாமல் தளதளவென்று நீர் கட்டி, அலகருகே மூக்கை வைத்தால் புளித்த நாற்றம் அடித்தால் அது வேறு கோளாறு. உள்ளே தேங்கிய இரை புளித்து, கேண்டிடா என்கிற பூஞ்சை பெருகியிருக்கிறது. இதற்கு எண்ணெய் வேண்டாம். கஞ்சி, ரொட்டி, வெல்லத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். மாவும் இனிப்பும்தான் அந்தப் பூஞ்சைக்குத் தீனி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் பொடியைக் கொடுத்தால் நல்ல பாக்டீரியாவும் செத்து, பூஞ்சை இன்னும் பெருகும். டாக்டரிடம் காட்டினால் நிஸ்டாடின் போன்ற பூஞ்சை மருந்தை எடைக்குத் தகுந்த அளவில் தருவார். அதுவரை சுத்தமான தண்ணீர் மட்டும், தீனி ஒரு நாள் நிறுத்தம்.

கோழியைத் தலைகீழாகப் பிடித்து இரைப்பையை அமுக்கி வாந்தியெடுக்க வைக்கிற பழக்கம் பல ஊர்களில் உண்டு. செய்யாதீர்கள். நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. மேலே வருகிற நீர் அதற்குள் போனால் நுரையீரல் நனைந்து கோழி கையிலேயே செத்துப்போகும். பிழைக்க வேண்டிய எத்தனையோ கோழி இப்படிப் போயிருக்கிறது.

எச்சம்

நல்ல எச்சம் எது என்று தெரிந்தால்தான் கெட்டது தெரியும். பழுப்பாகவோ சாம்பல் பச்சையாகவோ உருட்டாக இருந்து, மேலே வெள்ளைத் தொப்பி இருந்தால் அது இயல்பு. அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். கோழிக்கு நீராகத் தனியே போகாது. எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒருமுறை கரும்பழுப்பில் கொழகொழவென்று, நாற்றம் தாங்காமல் ஒன்று போடும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, சீக்கு அல்ல. அடைக்கோழி ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்து ஒரே தடவையாகப் பெரிதாகப் போடும், அதுவும் நாறும், பயப்பட வேண்டாம். உச்சி வெயிலில் தண்ணீராகப் போனால் அது தண்ணீர் அதிகம் குடித்ததால் இருக்கலாம். முருங்கைக்கீரை தின்ற மறுநாள் பச்சையாக இருக்கும்.

பச்சை என்றதும் வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது என்று பதறுகிறார்கள். பட்டினி கிடக்கிற எந்தக் கோழிக்கும் எச்சம் கரும்பச்சையாகத்தான் இருக்கும். இரை இல்லாத குடலில் பித்தநீர் மட்டும் இறங்கி வருகிறது. ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காமல் கூட என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் பீச்சுவதோடு, வாயைத் திறந்து மூச்சு இழுப்பது, கழுத்தைத் திருகிக்கொள்வது, காலோ இறக்கையோ வாதம் வந்து விழுந்துபோவது, ஒன்றிரண்டு நாளுக்குள் அடுத்தடுத்த கோழியும் தூங்குவது இவை சேர்ந்தால் அது அநேகமாக வெள்ளைக்கழிச்சல்தான். ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. வந்தபின் அதைக் கொல்ல மருந்து கிடையாது. சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. செரிமானக் கோளாறில் தளர்ந்த கோழிக்குச் சிறு உருண்டையாகக் கொடுத்தால் பசி எடுத்துக் கொத்த ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து என்று நம்பித் தடுப்பூசி போடாமல் இருப்பவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. ஒரே வாரத்தில் ஒரு தெருவின் கோழியெல்லாம் காலியாகிற நோய் அது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டு வாரம் தாண்டியதும் இறக்கையடித் தோலில் ஊசி. பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இருவார முகாம் வைத்து இலவசமாகவே போடுகிறது. நல்ல கோழிக்குத்தான் போட வேண்டும். தூங்குகிற கோழிக்குப் போட்டுப் பயனில்லை.

ரத்தம் கலந்த எச்சம் என்றால் அநேகமாக ரத்தக்கழிச்சல், அதுவும் மூன்று வாரத்திலிருந்து எட்டு வாரக் குஞ்சுகளில். குடல் சுவரில் ஐமீரியா என்கிற ஒட்டுண்ணி புகுந்து அரிக்கிறது. ஈரமும் சூடும் இருந்தால் எச்சத்தில் விழுந்த அதன் முட்டை ஒன்றிரண்டு நாளிலேயே அடுத்த குஞ்சுக்கு ஒட்டத் தயாராகிவிடும். அதனால் தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த மண்ணை வாரிக் கொட்டி, காய்ந்த மண் போடுவது மருந்துக்குச் சமம். மருந்து ஆம்ப்ரோலியம், தண்ணீரில் கலந்து கொடுப்பது. அளவைப் பொட்டலத்தில் உள்ளபடியோ டாக்டர் சொன்னபடியோ வையுங்கள். அந்த நாட்களில் ‘தெம்புக்கு’ என்று பி காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே அந்த ஒட்டுண்ணிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் தடுத்துத்தான். நாமே அதை ஊட்டினால் மருந்து வீண். மருந்து முடிந்தபிறகு கொடுக்கலாம். எச்சத்தில் செம்மஞ்சளாக மெல்லிய சவ்வு எப்போதாவது ஒன்றிரண்டு தெரிந்தால் அது ரத்தமல்ல, குடலின் உள்தோல் உதிர்வது. கோழி துள்ளித் திரிந்தால் விட்டுவிடலாம்.

நன்றாகத் தின்கிறது, ஆனால் இளைக்கிறது, கொண்டை வெளுத்திருக்கிறது என்றால் பூச்சி. வெள்ளை நூலாக நெளிவது உருண்டைப் புழு, அரிசி மணியாக ஒட்டியிருப்பது நாடாப்புழுவின் துண்டு. இரண்டுக்கும் ஒரே மருந்து போதாமல் போகலாம். அன்றைய எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அன்றைக்கே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். உருப்பெருக்கியில் பார்த்து எந்தப் புழு, ரத்தக்கழிச்சல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். கோழியைத் தூக்கிப்போக முடியாத நிலையில் 1962க்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸைக் கேட்கலாம்.

தண்ணீர், அப்புறம்தான் தீனி

கழிச்சலில் கோழி சாவது பெரும்பாலும் பசியால் அல்ல, நீர் வற்றி. நல்ல கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், வெயிலில் அதற்கும் மேலே. தூங்குகிற கோழி தட்டருகே போவதில்லை. முதலில் அலகைத் தண்ணீரில் லேசாக நனைத்துவிடுங்கள். பல கோழி அந்த ஈரம் பட்டதும் தானாகக் குடிக்கத் தொடங்கும். குடிக்கவில்லை என்றால் ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் பக்கவாட்டில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது விழுங்கித் தலையை நிமிர்த்தியபிறகு அடுத்த சொட்டு. ஒரு தடவைக்கு ஐந்து மில்லி போதும், மணிக்கு ஒருமுறை. வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், காரணம் முன்னே சொன்னதுதான்.

முதல் நாள் மனிதருக்கு விற்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். கடை தூரமென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள், கோழிக்கு உப்பு விஷமாக மாறும். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கட்டும். மிச்சத்தை மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இரைப்பை புளித்த கோழிக்கு இது கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

இரைப்பை காலையில் காலியாக இருக்கிறது, தண்ணீர் உள்ளே தங்குகிறது என்று தெரிந்தபின்தான் தீனி. குழைய வேகவைத்த நொய்க் கஞ்சியில் வேகவைத்த மஞ்சள்கருவைப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். தட்டில் வைத்ததைத் திரும்பிப் பார்க்காத கோழியும் விரலால் தட்டிக் காட்டினால் கொத்தும். தாய்க்கோழி குஞ்சுக்குக் கொத்திக் காட்டுவதும் இப்படித்தானே. முதலில் இரண்டு தேக்கரண்டி, மறுபடி இரைப்பையைத் தொட்டுப் பார்த்து இறங்கியிருந்தால் இன்னும் இரண்டு. பால் கொடுக்காதீர்கள், கோழிக் குடலுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, கழிச்சல் கூடும். ஒரு தேக்கரண்டி புளிக்காத தயிரைக் கஞ்சியோடு சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். எச்சம் உருட்டாக வரத் தொடங்கியதும் ஊறவைத்த கம்பு, பிறகு காய்ந்த கம்பு, பிறகுதான் பழைய தீனி.

அந்தப் பழைய தீனியைத் திரும்பப் போடும் முன் மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். மக்கிய வாடை, கட்டி, பச்சைப் பூசணம் எது இருந்தாலும் அந்த மூட்டை கோழிக்கு வேண்டாம். மழைக்காலத்தில் கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கிற பூஞ்சை, அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சை விடுகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன; தேடிப் போனபோது பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சுதான் என்று தெரிந்தது. அது கல்லீரலைத் தின்கிற நஞ்சு, வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று மாட்டுக்கும் மாற்றிப் போடாதீர்கள், பாலில் இறங்கும்.

கழிச்சல் நின்ற கோழியின் பின்பக்க இறகில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும். பிய்த்து எடுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, துணியால் ஒற்றி, தோலில் வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயோடு கலந்து தடவுங்கள். அங்கே ஈ மொய்த்து முட்டையிட்டால் புழு வைத்துவிடும், அதற்குப் பிறகு வயிற்றுக் கோளாறைவிட அதுதான் பெரும்பாடு.

கூட்டத்தில் சேர்ப்பது

தின்கிறது என்ற உடனே திறந்துவிடாதீர்கள். எடை ஏறத் தொடங்கி, தொடர்ந்து சில நாள் காலையில் இரைப்பை காலியாகவும் எச்சம் உருட்டாகவும் இருக்க வேண்டும். சில நாள் காணாத கோழியை மற்றவை புதுக்கோழியாகத்தான் பார்க்கும், மண்டையில் கொத்தும். ஒட்டுகிற சீக்கு இல்லை என்று உறுதியான பிறகு, பஞ்சாரத்தோடே கூட்டத்துக்கு நடுவில் பகலில் வைத்துவிடுங்கள். இடுக்கு வழியாகப் பார்த்துப் பழகட்டும். பிறகு ஒரு நாள் சாயங்காலம், எல்லாம் அடைகிற நேரத்தில் உள்ளே விடுங்கள். தீனித் தட்டு இரண்டு இடத்தில் இருந்தால் தளர்ந்ததும் தின்னும்.

எல்லாம் செய்தும் சில கோழி போய்விடும். அதை ஓடையிலோ குப்பைமேட்டிலோ வீசாதீர்கள். நாய் இழுத்துப் போய் நோயை அடுத்த தெருவில் இறக்கிவிடும். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்புத்தூள் போட்டுப் புதையுங்கள். ஒரே நேரத்தில் பல கோழி திடீரெனச் செத்தால் புதைப்பதற்கு முன்னால் மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள். பறவைக்காய்ச்சலா என்று அவர்கள் பார்க்க வேண்டியிருக்கும். மிச்சக் கோழிகளை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்குகிறவரும் நம்மைப் போலப் பத்துக் கோழி வைத்துப் பிழைக்கிறவர்தான், அதைச் செய்யாதீர்கள்.

தேறிய கோழி உடனே முட்டையிடாது. உடம்பு ஊறிக் கொண்டை சிவந்தபிறகுதான் இடும், சில வாரம் ஆகலாம். பூச்சி மருந்தோ ஆன்டிபயாடிக்கோ கொடுத்திருந்தால் எத்தனை நாள் முட்டை எடுக்கக் கூடாது என்று டாக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை இடுவதைச் சமைக்க வேண்டாம். சீக்குக்குப் பிறகு இடுகிற முதல் முட்டைகள் தோல் மெலிந்து வந்தால், முட்டை ஓட்டைக் கழுவி இரும்புச் சட்டியில் வறுத்து, நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய அளவை அதுவே கொத்திக்கொள்ளும்.